பெயர் போன மலை

பெரிய கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்குகின்றன, இணைகின்றன, பெயர் மாற்றிக்கொள்கின்றன. பிராண்டு நகரத்துக்குப் போகிறது. தோட்டமும் தொழிற்சாலையும் லயத்து வீடும் யார் பொறுப்பு? இடுக்கி, பாலக்காடு எல்லையோரத்தில் கால் நூற்றாண்டாக விடை தெரியாத கேள்வி இது.

மூணாறைச் சுற்றியுள்ள மலைகளுக்கு அரசு ஆவணங்களில் உள்ள பெயர் கண்ணன் தேவன் மலைகள். அஞ்சுநாட்டுப் பக்கம் வாழ்ந்த ஒரு தலைவனின் பெயர் அது என்கிறது உள்ளூர் வழக்கு. கேரளத்து மளிகைக் கடைக்காரருக்கோ அது டீத்தூள் பாக்கெட்டின் பெயர்.

விசித்திரம் என்னவென்றால், மலையும் பெயரும் இன்று ஒரே கையில் இல்லை. பாக்கெட்டில் அச்சாகும் 'கண்ணன் தேவன்' என்ற பெயர் டாடா கன்ஸ்யூமர் பிராடக்ட்ஸ் நிறுவனத்தின் சொத்து. மலையில் தேயிலை வளர்த்து, கொழுந்து பறித்து, அரைத்துத் தூளாக்குவது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற வேறொரு கம்பெனி. தன் தூளைத் தானே பாக்கெட்டில் போட்டு விற்க வேண்டிவந்தபோது அது 'ரிப்பிள்' என்ற வேறு பெயரைத்தான் வைத்துக்கொண்டது.

இந்தப் பிரிவினை ஒரே நாளில் நடந்துவிடவில்லை. இதற்குப் பின்னால் நூற்றாண்டு கடந்த ஒரு கதை இருக்கிறது. கடைசிக் கால் நூற்றாண்டுதான் அதில் முக்கியமான அத்தியாயம்.

கங்காணி காலம்

1877ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து இந்த மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஃபின்லே நிறுவனம் வந்து, 1897ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. சின்கோனாவும் காபியும் போய்த் தேயிலை நிலைத்தது. காட்டை வெட்டித் தேயிலை நட ஆள் வேண்டுமே? திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் குடும்பத்தினர்.

தேயிலையும் தமிழ்நாட்டு வழியாகத்தான் இறங்கியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறிய ரயில், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு போடிநாயக்கனூர். மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் சொல்லும் 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துப்போனது. தொழிலாளர்கள் மட்டும் மலையிலேயே தங்கினார்கள்.

1956ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்துக்குப் போயின. 1970ல் கேரள நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மாநிலம் முழுவதும் குடிகிடப்புக்காரர்களுக்குக் குடிசை இருந்த மண் சொந்தமானது. ஆனால் தோட்டங்களுக்கு அந்தச் சட்டத்தின் நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. லயத்தில் குடியிருந்தவர்களுக்குக் காலடி மண்ணில் எந்த உரிமையும் வரவில்லை. 1971ல் கண்ணன் தேவன் நிலங்களை அரசே எடுத்துக்கொள்ளத் தனிச் சட்டம் வந்தது. அப்போதும் தேயிலைச் சாகுபடிக்கும் அது சார்ந்த தேவைகளுக்கும் என்று சுமார் 57,000 ஏக்கர் கம்பெனியிடமே விடப்பட்டது.

மேலே முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1964ல் டாடாவும் ஃபின்லேயும் கூட்டுச் சேர்ந்தன. 1983ல் ஃபின்லே தன் பங்குகளை விற்றுவிட்டு விலக, கம்பெனி டாடா டீ ஆனது. கீழே லயத்தில் இதனால் பெரிய மாற்றமில்லை. வேலை, வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் எல்லாம் கம்பெனி தருவது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்வது. இதுதான் ஏற்பாடு.

தோட்டமா, தூளா?

2000 பிப்ரவரியில் டாடா டீ, பிரிட்டனின் டெட்லி நிறுவனத்தை 27 கோடியே 10 லட்சம் பவுனுக்கு வாங்கியது. 1837ல் யார்க்‌ஷயரில் தொடங்கிய கம்பெனி. பிரிட்டிஷ்காரர்களுக்கு டீ பையைப் பழக்கிவிட்டது. முன்பு நம்மை ஆண்டவர்களின் டீயை நாமே வாங்கிவிட்டோம் என்று பத்திரிகைகள் பெருமிதப்பட்டன. இந்தியக் கம்பெனி ஒன்று தன்னைவிடப் பெரிய வெளிநாட்டுக் கம்பெனியைக் கடன் திரட்டி வாங்கியது அன்று புதுமை.

மூணாறைப் பொறுத்தவரை அதன் அர்த்தம் வேறு. டெட்லி பிராண்டை மட்டுமே நம்பிய வியாபாரம். எங்கே விலை தோதாக இருக்கிறதோ அங்கே தேயிலையை வாங்கி, கலந்து, பெயர் போட்டு விற்பது. இந்த வியாபாரத்தின் கணக்கு எளிது. தேயிலை விலை சரிந்தால் தோட்டக்காரருக்கு நஷ்டம். தூள் விற்பவருக்கு மூலப்பொருள் மலிவு. தோட்டம் வைத்திருப்பவர் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு கட்டித் தரவேண்டும், மருத்துவமனை நடத்தவேண்டும், காப்பகம் வைக்கவேண்டும். தூள் விற்பவருக்கு அந்தக் கடமை எதுவும் இல்லை. சட்டம் நிலத்தைப் பார்த்து எழுதப்பட்டது. லாபம் பெயருக்கு இடம்மாறியபோது சட்டம் கூடவே போகவில்லை.

அந்தச் சமயத்தில் தேயிலை விலையும் சரிந்துகொண்டிருந்தது. தென்னிந்தியத் தேயிலையின் பெரிய வாடிக்கையாளராக இருந்த சோவியத் யூனியன் 1991ல் சிதறிவிட்டது. கென்யாவும் இலங்கையும் வியட்நாமும் சந்தையில் முட்டி மோதின. 1990களின் கடைசியில் கொச்சி, குன்னூர் ஏல மையங்களில் விலை இறங்கத் தொடங்கியது.

டாடா மட்டுமா இப்படி யோசித்தது? புரூக் பாண்டும் லிப்டனும் 1993ல் ஒன்றாயின. 1996ல் அந்த நிறுவனம் ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் லீவர் தன் தேயிலைத் தோட்டங்களை விற்றுவிட்டது. புரூக் பாண்டு, லிப்டன் பெயர்களை வைத்துக்கொண்டது. சோப்புக் கம்பெனிக்கும் டீக் கம்பெனிக்கும் ஒரே சூத்திரம்: செய்வதை வெளியே கொடு, பெயரைக் கையில் வை.

2005 ஏப்ரலில் மூணாறின் முறை வந்தது. டாடா டீ அங்கிருந்த தோட்டங்களில் பெரும்பாலானவற்றைப் புதிய கம்பெனியான கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸுக்கு மாற்றியது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். அறுபது சதவீதத்துக்கு மேற்பட்ட பங்குகள் ஊழியர்கள் கையில். டாடாவுக்குச் சிறுபான்மைப் பங்கு. கொழுந்து பறிக்கும் பெண் கம்பெனிக்குச் சொந்தக்காரி ஆனார். உலகம் வியந்து பேசிய ஏற்பாடு இது.

தாய்க் கம்பெனி அதன் பிறகு வேகமாக வளர்ந்தது. 2010ல் டாடா குளோபல் பெவரேஜஸ் என்று பெயர் மாறியது. 2020ல் டாடா கெமிக்கல்ஸின் உப்பு, பருப்பு வியாபாரத்தைச் சேர்த்துக்கொண்டு டாடா கன்ஸ்யூமர் பிராடக்ட்ஸ் ஆனது. 2024 ஜனவரியில் டாடா காபியும் அதில் இணைந்தது. அந்த இணைப்பிலும் காபித் தோட்டங்கள் தனியே பிரிக்கப்பட்டு ஒரு துணை நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டன.

காகிதத்தில் முதலாளி

தோட்டத்தைத் தொழிலாளர்களிடம் விட்டுப் போனது தவறு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. புதிய கம்பெனி தாக்குப்பிடித்தது. தோட்டங்கள் மூடப்படவில்லை. பல ஆண்டுகள் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டும் கிடைத்தது. ஆனால் பங்குப் பத்திரம் வேறு, அதிகாரம் வேறு என்பது 2015 செப்டம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்த ஆண்டு லாபம் குறைந்துவிட்டதாகக் கூறிய நிர்வாகம் போனஸைப் பத்து சதவீதமாகக் குறைத்தது. முந்தைய ஆண்டு கிடைத்தது ஏறக்குறைய அதைப்போல் இருமடங்கு. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூணாறு நகருக்குள் வந்து கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில். அன்று அவர்களின் நாள் சம்பளம் 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து பறித்தாகவேண்டும்.

அவர்கள் நிர்வாகத்தை மட்டும் எதிர்க்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் அண்டவிடவில்லை. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. என்று எந்தக் கொடியும் வேண்டாம் என்றார்கள். ஆண்களும் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. தமிழும் மலையாளமும் கலந்து 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டிய வி.எஸ். அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் தங்களோடு உட்கார இடம் கொடுத்தார்கள். ஒன்பது நாளுக்குப் பிறகு, முதல்வர் உம்மன் சாண்டி நடத்திய பேச்சுவார்த்தையில் இருபது சதவீதம் கிடைத்தது. 8.33 சதவீதம் போனஸ், மீதி கருணைத்தொகை.

அடுத்த மாதமே கூலிக்கான போராட்டம். 500 ரூபாய் கேட்டார்கள். 301 ரூபாய் என்று முடிந்தது. கூடவே, பறிக்கவேண்டிய கொழுந்தும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவானது.

கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கு ஊழியர்கள் கையில். அந்தக் கம்பெனியை எதிர்த்து அதன் சொந்தக்காரர்களே தெருவில். இது எப்படி நேர்ந்தது? தூளின் விலை எங்கோ முடிவாகிறது. செலவு மட்டும் தோட்டத்தில் முடிவாகிறது. செலவில் குறைக்கக்கூடியது கூலியும் போனஸும்தான். யார் முதலாளியாக இருந்தாலும் அந்தப் பலகையில் எழுதும் கணக்கு ஒன்றுதான். பெயரிலிருந்து வரும் லாபம் மலைக்கு வராதவரை, தொழிலாளி தன் கூலியைத் தானே வெட்டிக்கொள்ளும் முதலாளியாக மட்டுமே இருக்க முடியும்.

அதே 2000, வேறு இரண்டு ஊர்கள்

மூணாறுக்கு ஒரு ஏற்பாடாவது கிடைத்தது. அதே இடுக்கி மாவட்டத்தில் தெற்கே, பீருமேட்டில் அதுவும் இல்லை. டாடா டெட்லியை வாங்கிய அதே 2000ஆம் ஆண்டில் பீருமேடு டீ கம்பெனியின் சீந்தலாறு, லோன்ட்ரீ எஸ்டேட்டுகளைக் கைவிட்டு முதலாளி போய்விட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில் மேலும் பல தோட்டங்கள் மூடப்பட்டன. சில பிறகு கைமாறித் திறந்தன.

கைவிடப்பட்ட தோட்டத்தில் கூலி இல்லை, கிராஜுவிட்டி பாக்கி. தொழிலாளர்கள் செடிகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, பச்சைக் கொழுந்தைப் பறித்து வியாபாரிகளிடம் எடைக்கு விற்றுப் பிழைக்க ஆரம்பித்தார்கள். உரம் போட, கவாத்து செய்ய வழியில்லை. தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் துருப்பிடித்தன. லயங்களின் கூரையில் தார்ப்பாய் ஏறியது. அங்கும் பெரும்பாலோர் தமிழர்கள். போக வேறு வீடில்லாதவர்கள்.

இந்த மலைகளுக்கு வடக்கே பாலக்காடு மாவட்டம். தமிழக எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், சித்தூர் தாலுகாவில் இருக்கிறது பிளாச்சிமடா. இங்கே தேயிலை இல்லை, தண்ணீர். அதே 2000ல் கோகோ கோலாவின் பாட்டில் தொழிற்சாலை இங்கே ஓடத் தொடங்கியது.

அதற்கும் ஒரு கம்பெனி விற்பனைதான் முன்கதை. 1977ல் இந்தியாவை விட்டு வெளியேறிய கோகோ கோலா 1993ல் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் பார்லேயிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகிய பெயர்களை வாங்கியது. தம்ஸ் அப் நீடித்தது. கோல்ட் ஸ்பாட் மறைந்தது. நாட்டின் முன்னணிக் குளிர்பானப் பெயர்கள் ஒரே கைக்குப் போயின. ஊருக்கு ஊர் இருந்த சோடாக் கம்பெனிகள் ஒதுங்கின. தமிழ்நாட்டில் காளிமார்க் போன்ற சில மட்டும் நின்றன.

பிளாச்சிமடா மழை குறைந்த கிழக்குப் பாலக்காட்டில் இருக்கிறது. ஆலை வந்த பிறகு கிணறுகள் வற்றுவதாகவும், இருக்கிற நீரில் சோறு வேகவில்லை என்றும் சுற்றியிருந்த ஆதிவாசிக் குடும்பங்கள் புகார் செய்தன. கம்பெனி மறுத்தது. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களில் முன்னால் நின்றவர் இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா. உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக் கழிவில் ஈயமும் காட்மியமும் இருப்பதாக 2003ல் பி.பி.சி. வெளிக்கொணர்ந்தது. பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தை நீட்டிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

பிறகு நஷ்டஈட்டுக் கதை. 2010ல் அரசு அமைத்த உயர்நிலைக் குழு, சேதம் 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011ல் கேரள சட்டசபை நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007லேயே இறந்துவிட்டார். இனி அங்கே உற்பத்தி செய்யும் எண்ணமில்லை என்று 2017ல் கம்பெனி சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது. கம்பெனிக்கு அதனால் பெரிய இழப்பில்லை. பாட்டிலை வேறு ஊரில் நிரப்பலாம். 2024 டிசம்பரில் தன் இந்திய பாட்டில் தொழிலிலேயே 40 சதவீதத்தை ஜூபிலன்ட் பார்ட்டியா குழுமத்துக்குக் கொடுக்கப்போவதாகக் கோகோ கோலா அறிவித்தது. சூத்திரம் பழக்கமானதுதான்: நிரப்புவது பிறர் வேலை, பெயர் நம்முடையது.

பெட்டிமுடியில்

எல்லா ஏற்பாடுகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி வீடு. அதைவிட அடியில், நிலம்.

2018 ஜூனில் கேரள அமைச்சரவை தோட்டத் தொழிலைக் காப்பாற்றச் சில முடிவுகள் எடுத்தது. பெண்களின் போராட்டத்துக்குப் பிறகு நியமிக்கப்பட்ட நீதிபதி கிருஷ்ணன் நாயர் கமிஷனின் பரிந்துரைகள் அதற்கு அடிப்படை. தோட்ட வரியை நீக்குவது, லயங்களைப் புதுப்பிக்க அரசின் 'லைஃப்' வீட்டுத் திட்டத்தில் சேர்ப்பது ஆகியவை அவற்றில் அடக்கம். வரிச் சலுகை தோட்ட நிர்வாகங்களுக்குக் கிடைத்தது. லயங்கள் காத்திருந்தன.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்தது. வரிசையாக நின்ற லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர் மாண்டார்கள். மின்சாரமும் போனும் துண்டித்திருந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குச் செய்தி போனது. இறந்தவர்களில் பலருக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கம்தான் பூர்விகம். உறவினர்கள் அங்கிருந்து மலையேறி வந்து அடையாளம் காட்டினார்கள். தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாறு பள்ளத்தாக்கில் வீடு கட்டிக் கொடுக்கப்பட்டது. மூன்று நான்கு தலைமுறை உழைப்பில் கிடைக்காத சொந்த வீடு அவர்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.

இப்போது லயங்களில் ஆள் குறைகிறது. தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை திருப்பூர், கோவை, எர்ணாகுளம் என்று இறங்கிவிட்டது. காலியான அறைகளுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். நூறாண்டுக்கு முன் கங்காணியின் பின்னால் வந்தவர்களைப் போலவே, அவர்களுக்கும் இங்கே ஒரு சென்ட் நிலம் இல்லை. ஓய்வு பெறும் தமிழ்த் தொழிலாளிக்குத் திரும்பிப் போகப் பூர்விக ஊரில் பெயர் இருக்கலாம். பெரும்பாலும் வீடு இருக்காது. அதனால்தான் பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்துகொள்கிறார். வேலைக்காக என்பதைவிட, அப்பா அம்மா இருக்கும் அந்த ஓர் அறை கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக.

1951 சட்டத்தை, 2020ல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் நாடாளுமன்றம் சேர்த்துவிட்டது. அதிலும் வீட்டுக்கான பொறுப்பு தோட்டத்தை நடத்துபவருடையதுதான். பாக்கெட்டில் பெயர் போடுபவரை அது தொடவில்லை. தூளிலிருந்து கிலோவுக்கு ஒரு சிறு தொகையை வீட்டு நிதிக்கென்று பிடித்தம் செய்வது ஒன்றும் முடியாத காரியமல்ல. பீடித் தொழிலாளர் நலனுக்கு அப்படியொரு செஸ் 1976 முதல் பல பத்தாண்டுகள் இந்த நாட்டில் இருந்தது. அதில் வீடும் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். ஜி.எஸ்.டி. வந்தபோதுதான் அது நின்றது. தேயிலைக்கு அதை யோசிக்க வேண்டியது டெல்லி. லயம் நிற்கும் மண்ணில் சில சென்ட்டை எழுதிக் கொடுக்க வேண்டியது திருவனந்தபுரம். அடுத்த கம்பெனி இணைப்புக்குப் பங்குதாரர்கள் கை தூக்குவதற்குள் இரண்டில் ஒன்றாவது நடந்தால், மூணாறு மலையில் யாராவது ஒருவர் தன் பெயரில் ஒரு பட்டா வைத்திருப்பார்.